பழுப்பு முட்டையெல்லாம் நாட்டு முட்டையா?

புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டிலும் சரி, இயற்கை அங்காடிகளிலும் சரி, ‘நாட்டு முட்டை’ தாராளமாகக் கிடைக்கிறது. விலை, வெள்ளை முட்டையைப் போல இரண்டு மூன்று மடங்கு. வாங்குகிறவர் பார்ப்பது ஒன்றைத்தான்: ஓடு பழுப்பா, இல்லையா? இயற்கை உழவர்களாகிய நாமும் அதே பார்வையோடு முட்டை விற்பதும் குஞ்சு வாங்குவதும் சரியில்லை என்பது என் கருத்து.

ஓட்டின் நிறம் பரம்பரையால் வருவது உண்மைதான். ஆனால் நிறம் வந்துவிட்டால் இனம் சுத்தம் என்று ஆகிவிடாது. சிலி நாட்டு அரௌகானா கோழி நீல முட்டை இடும். அந்த நீலம் தாய், தகப்பன் இரண்டில் ஒன்றிடமிருந்து வந்தாலே போதும், மகள் நீலமோ பச்சையோ இடும். மேலைநாடுகளில் இப்படிப்பட்ட கலப்புக் கோழிகளைச் சுத்த இனம் என்று விற்பது பழைய கதை.

நம் ஊர்க் கதையும் அதுதான், நிறம் மட்டும் பழுப்பு. ஐதராபாத் கோழி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கிராமப்பிரியாவும் பழுப்பு முட்டைதான் இடும். பண்ணைகளின் வீரிய ரகப் பழுப்புக் கோழி வருடத்துக்கு 300 வரை இடும். நம் சிறுவிடை 60, 80 இட்டாலே பெரிது. அதன் முட்டை 40 கிராம் பக்கம். ஓடு வெளிறிய பழுப்பு, சிலது கிட்டத்தட்ட வெள்ளை. அட்டை நிறைய 30 முட்டையும் ஒரே அடர் பழுப்பு, ஒரே பருமன் என்றால் அது நாட்டு முட்டையாக இருக்க வாய்ப்பு குறைவு.

பின்னே எதைப் பார்ப்பது? வங்கியில் நகைக்கடன் கொடுக்கும்போது மஞ்சள் நிறத்தைப் பார்த்துக் கொடுத்ததில்லை, உரைத்துப் பார்த்தோம். கோழிக்கு உரைகல் அடைதான். பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடை உட்கார்ந்து, 21 நாளில் பொரித்து, பருந்து வந்தால் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும் பெட்டைதான் நமக்கு வேண்டியது. வீரியக் கோழியில் அந்தக் குணத்தைக் கழித்துவிட்டார்கள். அடை உட்கார்ந்தால் முட்டை நின்றுவிடுமே! அதோடு, நாட்டுக்குஞ்சுகள் ஒரே அடையில் கருப்பு, சாம்பல், வரி என்று பல நிறமாக வரும். நூறு குஞ்சும் அச்சில் வார்த்தது போல இருந்தால் சந்தேகப்படுங்கள். முடிந்தால் தாயையும் சேவலையும் நேரில் பார்த்தே வாங்குங்கள்.

கிராமப்பிரியா வளர்ப்பது தப்பா? இல்லவே இல்லை. மேயவிட்டு நல்ல தீவனம் போட்டால் அதுவும் நல்ல முட்டைதான். ‘60 முட்டையை வைத்துக் குடும்பம் நடத்த முடியுமா?’ என்று கேட்பவரிடமும் நியாயம் இருக்கிறது. பெயரை மாற்றி விற்பதுதான் தப்பு. ஹைப்ரிட் விதையை நாட்டு விதை என்று விற்றால் நாம் சும்மா இருப்போமா?

இதில் நஷ்டம் வாங்குகிறவருக்கு மட்டும் இல்லை. நாட்டுச்சேவல் என்று நம்பிக் கலப்புச் சேவலைத் தெருவில் விட்டால், சில வருடங்களில் அக்கம்பக்கத்துச் சிறுவிடை எல்லாம் கலந்துவிடும். பாரம்பரிய நெல்லை யாரோ ஒருவர் வீட்டு விதைக்கோட்டையிலிருந்து மீட்க முடிந்தது. கோழியைக் கோட்டை கட்டி வைக்க முடியாது. கொல்லையில் உயிரோடு மேய்ந்தால்தான் உண்டு.

பிரான்சில் முட்டை மேலேயே எண் அச்சடிக்கிறார்கள்: 0 இயற்கை வளர்ப்பு, 1 திறந்தவெளி, 2 கொட்டகை, 3 கூண்டு. ஓட்டின் நிறத்துக்கு அதில் இடமே இல்லை. போலீஸ் தொப்பி முதல் ரொட்டி வரை பிரெஞ்சுக்காரரிடம் எடுத்துக்கொண்ட நம் ஊர் இதையும் எடுத்துக்கொள்ளலாம். நம் உழவர்கள் விற்கும் ஒவ்வொரு முட்டை அட்டையிலும் மூன்று வரி எழுதுவோம்: கோழி என்ன இனம், குஞ்சு எங்கே வாங்கியது, என்ன தீவனம். ‘கிராமப்பிரியா, மேய்ச்சல் முட்டை’ என்று எழுத வெட்கப்பட வேண்டாம். அப்படி எழுதினால்தான், ‘சிறுவிடை’ என்று எழுதுகிறவருக்கு உரிய விலை கிடைக்கும்.