கல் சொல்லும் சாட்சி

கல்வராயன் மலை சிருஷ்டிகாலம் முதல் இருந்த இடத்திலேயே இருக்கிறதென்று கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் யாரும் சொல்லுவார்கள். ஆனால் அம்மலையைத் தாங்கும் இந்திய நிலமே தென்துருவப் பக்கத்திலிருந்து நகர்ந்து வந்ததாகும். இதற்கு ஆதாரம் என்ன?

கல்வராயன் பாறை பூமிக்குள் வெந்து உண்டானதாகையால் அதில் உயிர்ச்சுவடு கிடையாது. விழுப்புரம் ஜில்லா திருவக்கரையிலோ மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றை அசுரன் எலும்பென்று கதை கட்டிவிட்டார்கள்! வங்காளத்து ராணிகஞ்ச் நிலக்கரிப் பாறைகளில் குளோசாப்டெரிஸ் என்னும் மரத்தின் இலை பதிந்திருக்கிறது. அதே இலை ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்காவிலும் உண்டு. 1912-ல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் மாண்ட ஸ்காட் கூட்டத்தார் கடைசிவரை இழுத்து வந்த 35 ராத்தல் கற்களிலும் அது இருந்தது. லிஸ்ட்ரோசாரஸ் என்ற தரைப்பிராணியின் எலும்பு இந்தியாவிலும் தென் ஆப்பிரிக்காவிலும் கிடைத்தது. 1969-ல் தென்துருவக் கண்டத்திலும் அகப்பட்டது. அது மகாசமுத்திரத்தை நீந்தியா கடந்தது?

நிற்க. 1864-ல் ஸ்கிளேட்டர் என்பவர் கடலில் மூழ்கிய லெமூரியாவைக் கற்பித்தார். நம்மவர் அதையே குமரிக்கண்டமென்று கொண்டாடினார்கள். 1912-ல் வெகனர் நிலங்களே பிரிந்து நகர்ந்தன என்றார். பண்டிதர்கள் பரிகசித்தார்கள், ஆனால் 1960-களில் கடலடி ஆராய்ச்சி அவர் பக்கம் சாட்சி சொன்னதும் ஒப்புக்கொண்டார்கள். லெமூரியா கைவிடப்பட்டது.

தோழர்களே! கடற்கரையூர்கள் சில கடலில் அழிந்திருக்கலாம். ஒரு கண்டமே மூழ்கியதற்குச் சாட்சி இல்லை. அசுரன் எலும்பைக் கேட்டுச் சிரிக்கும் நாம், தமிழர் பெருமை என்பதற்காக இதை மாத்திரம் விசாரியாமல் நம்பலாமா? பிறர் பொய்யைக் கண்டிப்பதோடு, நமக்கு இனிக்கும் பொய்யையும் விடவேண்டும். அதுதான் பகுத்தறிவு.