அடுப்படிக் கதையும் கைபேசிக் கதையும்
மணிப்பூர் தரும் பாடம்

"பாட்டி, ஒரு கதை சொல்!" என்று கேட்காத குழந்தை உண்டா?

மணிப்பூரிலும் அப்படித்தான். நமது நாட்டின் வடகிழக்குக் கோடியில் இருக்கும் மலை மாநிலம் அது.

அங்கே சமவெளியில் வாழ்பவர்கள் மெய்தி மக்கள். இரவுச் சோறு வேகும்வரை பிள்ளைகள் அடுப்பைச் சுற்றி உட்காருவார்கள். பாட்டியோ தாத்தாவோ கதை சொல்வார்கள். இதற்கு "புங்கா வாரி" என்று பெயர். "புங்கா" என்றால் அடுப்பு. "வாரி" என்றால் கதை.

குரல் ஒன்றுதான்!

பெரியவர்கள் கேட்பது "வாரி லீபா". ஒருவர் உட்கார்ந்து பாரதம், ராமாயணம் சொல்வார். மேளமும் இல்லை, தாளமும் இல்லை. குரல் ஒன்றுதான்! அந்தக் குரலிலேயே பீமன் கர்ஜிப்பான், சீதை அழுவாள்.

ஏழை வாலிபன் கம்பா, இளவரசி தோய்பியைக் காதலித்த கதையும் உண்டு. ஒற்றைத் தந்தி வாத்தியமான "பேனா"வை இசைத்து அதைப் பாடுவார்கள். 1891-ல் வெள்ளையருடன் நடந்த கொங்ஜோம் போரை டோலக் தட்டிப் பாடுவார்கள்.

மலையில் வாழும் நாகர், குக்கி மக்களுக்கும் சொந்தக் கதைகள் உண்டு.

காமிரா வந்தது

2000-ம் ஆண்டில் ஆயுதக் குழு ஒன்று இந்திப் படங்களுக்குத் தடை போட்டது. மணிப்பூர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. குறைந்த செலவில், டிஜிட்டல் காமிராவில், சொந்த மொழியில் படம் எடுத்தார்கள். 2002-ல் "லம்மேய்" வந்தது. பிறகு பல படங்கள் வந்தன.

இன்று பழைய கதையும் பாட்டும் கைபேசியிலேயே கிடைக்கின்றன. வெளியூரில் படிக்கும் பிள்ளையும் கேட்கலாம். இது பெரிய நன்மை.

முகம் இல்லாத கதை

அதே கைபேசி இன்னொரு வேலையும் செய்தது.

2023 மே 3-ந் தேதி மெய்தி, குக்கி மக்களிடையே கலவரம் மூண்டது. வெளி மாநிலத்தில் கொலையுண்ட ஒரு பெண்ணின் படம், மணிப்பூரில் நடந்த கொடுமை என்று கைபேசியில் பரவியது. அது பொய். ஆனால் பழிவாங்கும் வெறி மூண்டது.

அரசாங்கம் இணையத்தை நிறுத்தியது. கைபேசி இணையம் பல மாதங்கள் முடங்கிக் கிடந்தது. வதந்தியோடு நல்ல கதையும் நின்றது. கலவரத்தில் 200-க்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தனர்.

என்ன வித்தியாசம்?

அடுப்படியில் கதை சொல்பவரின் முகம் தெரியும். "யார் பார்த்தது? அப்புறம் என்ன ஆச்சு?" என்று பிள்ளை குறுக்கே கேட்கும். பாட்டி பதில் சொல்லியே ஆகவேண்டும்.

கைபேசி வதந்திக்கு முகம் இல்லை. கேள்வி கேட்டால் பதிலும் இல்லை.

கைபேசியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பெரியவர்களின் குரலை அதில் பதிந்து வைக்கலாம். ஆனால், அதில் வரும் கதையைப் பிறருக்கு அனுப்பும் முன், பாட்டியிடம் கேட்பதுபோல் கேளுங்கள்:

"யார் பார்த்தது?"