தொன்மை சான்றாகாது!

ஒரு மருத்துவமுறை ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது என்றால், அஃது அதன் அகவையைக் காட்டும். அது நோயைத் தீர்க்கும் என்பதைக் காட்டாது. எளிய இவ்வுண்மையைச் சீன நாட்டுக் குத்தூசி மருத்துவத்தைத் தலைமேல் வைத்துப் போற்றுவோர் அறவே மறந்துவிட்டனர். “ஈராயிரம் ஆண்டாகச் சீனர் பின்பற்றினர், 2010ஆம் ஆண்டில் யுனெசுக்கோவும் அதை மாந்தரினத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துவிட்டது, இனியும் ஆய்வு எதற்கு?” என்பது அவர்தம் வினா. மரபு என்னும் தகுதியால் அது சேர்க்கப்பட்டதேயன்றி, மருந்து என்னும் தகுதியால் அன்று என்பதை அவர்கள் உணர்க.

சீனரேனும் அதனை ஒருமுகமாக ஏற்றனரோ எனின், அதுவும் இல்லை. 1822ஆம் ஆண்டில் தாவோகுவாங்கு பேரரசர் அரண்மனை மருத்துவக் கழகத்தினின்று குத்தூசிப் பிரிவை நீக்கினார். 1929இல் சீனக் குடியரசின் நலத்துறையினர் பழைய மருத்துவத்தையே படிப்படியாக ஒழிக்கத் திட்டமிட்டனர். மரபு மருத்துவர்கள் திரண்டெழுந்து எதிர்த்தமையால் அது கைவிடப்பட்டது. பின்னர், 1950களில், மேலைமுறை மருத்துவர் போதாத நிலையில், மாவோவின் அரசு அதனை மீண்டும் தூக்கி நிறுத்திற்று. அம்மருத்துவத்தைப் பரப்ப ஆணையிட்ட மாவோ, தாம் அதை நம்பவில்லை என்று கூறியதாக அவருடைய மருத்துவர் இலீ சீசுயி 1994இல் வெளியான தம் நூலில் எழுதியுள்ளார். ஊருக்கு ஊசி; தமக்கு வேறு மருந்து! இதுவோ மரபுப்பற்று?

மேலை நாட்டாரும் ஏமாற விரும்பியே ஏமாந்தனர். 1971 சூலையில் ‘நியூயார்க்கு தைம்சு’ இதழாளர் சேம்சு இரெசுட்டனுக்குப் பீகிங்கில் குடல்வால் அறுவை நடந்தது. வழக்கமான உணர்வுநீக்கி மருந்தை ஊசிவழிச் செலுத்தியே அறுத்தனர். அதன்பின் ஏற்பட்ட வயிற்றுப் பொருமலுக்கு மட்டுமே குத்தூசி இட்டனர். அவரும் அவ்வாறே எழுதினார். ஆனால், குத்தூசியாலேயே வலி தெரியாமல் வயிற்றை அறுத்தனர் என்று அச்செய்தி வாய்மாறிப் பரவிற்று!

இனி, முறையான ஆய்வுகள் கூறுவதைக் கேட்போம். செருமானியத்தில் இடுப்புவலி நோயர் 1,162 பேரை மூன்று பிரிவாக்கி ஆய்ந்து, 2007இல் முடிபை வெளியிட்டனர். ஒரு பிரிவினர்க்குச் சீனநூல் கூறும் இடங்களிற் குத்தினர். மற்றொரு பிரிவினர்க்கு அவ்விடங்களை விட்டு வேறிடங்களில் மேலோட்டமாகக் குத்தினர். மூன்றாம் பிரிவினர்க்கு வழக்கமான மருத்துவம் செய்தனர். ஆறு திங்களின் பின், முதற்பிரிவில் 47.6 விழுக்காட்டினரும், இரண்டாம் பிரிவில் 44.2 விழுக்காட்டினரும், மூன்றாம் பிரிவில் 27.4 விழுக்காட்டினரும் நலம் கண்டனர். ஒற்றைத் தலைவலியர் 302 பேரிடம் செய்து 2005இல் வெளியான செருமானிய ஆய்விலோ, உண்மைக் குத்தலால் 51 விழுக்காட்டினரும் போலிக் குத்தலால் 53 விழுக்காட்டினரும் தலைவலி நாள்கள் பாதியாகக் குறையப் பெற்றனர். அமெரிக்காவில் 638 பேரிடம் செய்து 2009இல் வெளியான ஆய்வு இன்னும் வியப்பானது. அங்கு ஒரு பிரிவினர்க்கு ஊசியே இல்லை. சிறு குழாய்க்குள் பல்குத்தும் குச்சியை வைத்துத் தோலைத் தொட்டதோடு சரி! அவர்களும் ஊசி குத்தப்பட்டோர்க்கு நிகராகவே நலமுற்றனர்.

“எவ்வாறாயினும் வலி குறைந்ததன்றோ?” என்பர். குறைந்தது, அதை நாம் மறுக்கவில்லை. 39 ஆய்வுகளில் 20,827 நோயரின் விளத்தங்களைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வும், நாட்பட்ட வலிகளில், குத்தாமையினும் குத்தல் நன்று என்றே காட்டுகின்றது. ஆனால், உண்மைக் குத்தலுக்கும் போலிக் குத்தலுக்கும் அது கண்ட வேறுபாடு சிறிது. மருத்துவர் அருகிருந்து பரிவோடு தொடுவதும், நலம் பெறுவோம் என்னும் நோயரின் நம்பிக்கையுமே பயனிற் பெரும்பகுதியைத் தருகின்றன என்பதே இதன் பொருள். எங்குக் குத்தினும் ஏறத்தாழ ஒன்றே எனின், உடம்பெங்கும் ஆற்றல் ஓடும் தடங்கள் என்று வரைந்து வைத்துள்ள படங்கள் எதற்கு? அத்தடங்களின் பெயரால் நோயரிடம் காசு பறிப்பது எவ்வகை அறம்?

இதனினும் கொடியது ஒன்றுண்டு. ஆய்வாளர் சிலர் பன்னாட்டு மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி 1998இல் எழுதினர். அவர்கள் தொகுத்தவற்றுள் சீனத்தினின்று வந்த குத்தூசி ஆய்வுகள், ஒன்று விடாமல், அனைத்தும் வெற்றி! தோல்வியே காணாத ஆய்வு உலகில் எங்குண்டு? தோற்றதை மறைத்தால்தான் அது கைகூடும். நாட்டுப் பெருமையைக் காப்பதாக எண்ணி உண்மையைப் புதைப்போர், அந்நாட்டின் மெய்யான ஆய்வையும் எவரும் நம்பாதவாறு கெடுக்கின்றனர்.

மரபைப் போற்றும் முறையையும் ஒரு சீனப் பெண்மணியே காட்டினார். முறைக்காய்ச்சலுக்கு மருந்து தேடிய தூ யூயூ, முதலில் வடித்த சாறுகள் நிலையான பயன் தராமையால், நான்காம் நூற்றாண்டினரான கே ஓங்கின் மருத்துவச்சுவடியை மீண்டும் புரட்டினார். பச்சிலையை நீரில் ஊறவைத்துப் பிழிக என்றே அது கூறியது, காய்ச்சச் சொல்லவில்லை. வெப்பமே மருந்தைக் கெடுத்தது போலும் எனக் கருதிக் குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு வடித்தார், விலங்குகளில் ஆய்ந்தார், 1972இல் தாமே உட்கொண்டும் பார்த்தார். 2015இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அம்மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்துள்ளது. முன்னோர் சொல்லை அவர் தொழுதுவிட்டு அமரவில்லை, உரைத்துப் பார்த்தார். பொன்னாகலின் அது மின்னிற்று.

தம் முன்னோர் மருத்துவத்தைப் போற்றும் எந்த இனத்தார்க்கும் பாடம் இதுவே. உரைகல்லுக்கு அஞ்சுவது பித்தளையே! தம் மரபு பொன் என நம்புவோர், அதனைத் தாமே முன்வந்து உரைகல்லில் இடுக, தேறியதைக் கொள்க, தேறாததைத் துணிந்து தள்ளுக. வலியால் துடித்து வரும் நோயனுக்கு வேண்டுவது நம் பழம்பெருமை அன்று. அவன் நோய்க்குத் தீர்வும், அதைப் பற்றிய உண்மையுமே!