பார்ட்ஸ் மாற்றுவது ரிப்பேர் ஆகிவிடுமா?

ஓடிக்கொண்டிருக்கிற டீசல் பிக்கப் திடீரென்று ஆஃப் ஆகிறது என்று போய் நின்றால், ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரை பட்டறைகளில் ஒரு கேள்விகூடக் கேட்க மாட்டேன் என்கிறார்கள். நேராகத் தீர்ப்புதான். "பம்ப் போயிடுச்சுண்ணா" என்பார் ஒருவர். "நாலு இன்ஜெக்டரையும் கழட்டணும்" என்பார் அடுத்தவர். இன்னொருவர் ஸ்கேனரைச் சொருகி, "எரர் எல்லாம் அழிச்சிட்டேன், இனிமே வராது" என்று காசை வாங்கிக்கொள்வார். மாதனூர் தாண்டுவதற்குள் வண்டி மறுபடி நிற்கும்.

அந்த எரரை எதற்கு அழிக்கிறீர்கள்? கோளாறு பதிவான நேரத்தில் எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடியது, எவ்வளவு சூட்டில் இருந்தது என்பதையெல்லாம் வண்டியின் கம்ப்யூட்டர் அதோடு சேர்த்துத்தானே வைத்திருக்கிறது! கையில் இருக்கிற ஒரே சாட்சியத்தை அழித்துவிட்டு, அப்புறம் ஊகத்தில் ஸ்பேனரை எடுக்கிறார்கள்.

எப்படி நின்றது என்று கேட்டாலே பாதி விளங்கிவிடும். இழுவை குறைந்து, திக்கித் திக்கி நின்றால் டீசல் வரும் வழியைப் பார்க்க வேண்டும். ஃபில்டர் அடைத்திருக்கலாம், தண்ணீர் கலந்திருக்கலாம், எங்கோ ஏர் எடுக்கலாம். டேங்க் மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்யச் செலவே இல்லை. சாவியைத் திருப்பியதுபோல் சட்டென்று அணைந்தால் பெரும்பாலும் கரண்ட் சமாச்சாரம்: ரிலே, ஒயர், கிராங்க் சென்சார். சூட்டில் நின்று, ஆறினதும் ஸ்டார்ட் ஆகிறது, செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் அசையவே இல்லை என்றால் முதல் சந்தேகம் அந்தச் சென்சார்மேல்தான் விழ வேண்டும். சுற்று சிக்னல் வராவிட்டால் கம்ப்யூட்டர் டீசலை நிறுத்திவிடும்.

எங்கள் வண்டியில் ஃபில்டர் மாற்றினார்கள், டீசல் ரெயிலின் பிரஷர் சென்சார் மாற்றினார்கள், கடைசியில் பம்ப்பையும் மாற்றினார்கள். கோளாறு இருந்தது கம்ப்யூட்டருக்குப் போகிற எர்த் ஒயரை சேஸில் போல்ட் போட்டிருக்கிற இடத்தில். பச்சை பூத்து, உள்ளே அரித்துப்போயிருந்தது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் அந்த எர்த்துக்கும் நடுவே மீட்டரை வைத்தால் பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். சில நிமிட வேலை. பம்ப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அதை யாரும் செய்யவில்லை.

எங்கள் பக்கத்தில் இதை முதலிலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று தோல் வண்டி ஓடாத ரோடே இல்லை. சென்னைப் பெரியமேட்டிலிருந்து வருகிற உப்புத்தோல் வழி நெடுக உப்புத்தண்ணீரை வடிக்கிறது. அது பலகை இடுக்கில் இறங்கி சேஸ், கனெக்டர், எர்த் எல்லாவற்றையும் தின்கிறது. டேனரி வாசலில் பட்டறை வைத்திருப்பவருக்கே இது தோன்றாவிட்டால் வேறு யாருக்குத் தோன்றும்?

நிற்கிற இடம் நல்ல இடமாக இருந்துவிட்டால் பரவாயில்லை. பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா போகிற பத்தலப்பல்லி மலைப்பாதையில், லோடோடு, வளைவில் எஞ்சின் அணைந்தால் பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். இரண்டு மூன்று தடவை மிதித்ததும் பிரேக் பூஸ்டரில் வாக்குவம் தீர்ந்து பெடலும் இறுகிவிடும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் நின்றால் பின்னால் கன்டெய்னர் லாரி வருகிறது. நின்ற வண்டியில் உப்புப் போடாத பச்சைத்தோல் இருந்தால், மே மாத வேலூர் வெயிலில் சில மணி நேரத்திலேயே கெட ஆரம்பிக்கும். அந்த நஷ்டம் எந்த பில்லிலும் வராது.

குற்றம் முழுக்க மெக்கானிக்குகள்மேல் என்றும் சொல்ல மாட்டேன். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டால் ஓடுவதற்குக் கரண்டை அவ்வளவாக நம்பி இருக்காது. காதால் கேட்டே கோளாறு பிடித்தார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 புகை விதி கட்டாயமாகிவிட்டது. சென்சார்களும் ஒயர்களும் பெருகிவிட்டன. ஆனால் ரோட்டோரப் பட்டறைக்காரர் கையில் ஒரு ஒயரிங் படம் கிடையாது. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது, அதில் வாகனங்களும் உண்டு. கம்பெனிகள் அந்தப் படங்களைத் தமிழில், எல்லோருக்கும் எட்டுகிற மாதிரி தர வேண்டும். மீட்டர் பிடிக்கத் தெரிந்த பையன்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள்.

அதுவரைக்கும், தோல் ஏற்றும் தோழர்களே, லோடு இறக்கியதும் சேஸை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வண்டி நின்றது சட்டென்றா, திக்கித் திக்கியா என்று குறித்து வையுங்கள். எரரை அழிப்பதற்கு முன்னால் அந்த நம்பரை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராத பட்டறையில் பம்ப்பைக் கழற்ற விடாதீர்கள்.