காலியாக இருந்த கட்டம்

மொழிபெயர்ப்பாளனுக்கு வரும் வேலைகளில் மிகவும் வறட்சியானது எது என்று கேட்டால், தயங்காமல் மருந்துத் தொழிற்சாலைகளின் செயல்முறைக் குறிப்புகள் என்பேன். கதை கிடையாது, மனிதர்கள் கிடையாது. 'இயந்திரத்தை நிறுத்துக', 'மூடியைத் திறக்க', 'கையொப்பமிடுக' என்று பக்கம் பக்கமாக வியங்கோள் வினைமுற்றுகள்தான். எம்.ஏ. வகுப்பில் நன்னூல் படித்ததற்கு இப்படியும் ஒரு பயன் இருக்கும் என்று என் பேராசிரியர் நினைத்திருக்கமாட்டார்.

நான் வசிக்கும் லோத்குண்டாவில் இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. செகந்திராபாத்தின் வடக்கே இருக்கும் எங்கள் பகுதியிலிருந்து சில கிலோமீட்டர் மேற்கே போனால் பாலாநகர், ஜீடிமெட்லா. 1961இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான ஐ.டி.பி.எல்., சோவியத் உதவியுடன் தன் செயற்கை மருந்துத் தொழிற்சாலையை அமைத்தது பாலாநகரில்தான். 1992இல் அது நலிந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் அங்கே தொழில் கற்றவர்கள் வெளியே வந்து சொந்தத் தொழிற்சாலைகள் தொடங்கினார்கள். 1984இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தை உருவாக்கிய அஞ்சி ரெட்டி அவர்களில் ஒருவர். 1972இல் நடைமுறைக்கு வந்த காப்புரிமைச் சட்டம், மருந்துக்கு அல்லாமல் அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்தது. அதே மருந்தை வேறு வழியில் செய்யத் தெரிந்தவர்களுக்குக் கதவு திறந்தது. 2005இல் சட்டம் மாறுவதற்குள் ஹைதராபாத் ஒரு மருந்து நகரமாகிவிட்டது.

செய்முறை தெரிந்தால் மட்டும் போதாது. ஆய்வுக்கூடத்துக் குடுவையில் சமர்த்தாக நடக்கும் வேதிவினை, தொழிற்சாலையின் பெரிய கலத்தில் முரண்டு பிடிக்கும். காரணம் எளிய கணக்குதான். கலத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்து மடங்கானால் கொள்ளளவு ஆயிரம் மடங்காகிறது. சூடு வெளியேற வேண்டிய பரப்போ நூறு மடங்குதான் கூடுகிறது. உள்ளே பிறக்கும் வெப்பத்துக்கு வெளியே போக வழி போதவில்லை. பொறியாளர்கள் இதற்கெல்லாம் கணக்குப் போட்டு வைக்கிறார்கள். ஆனால் இன்று, இந்த நிமிடம், முள் வழக்கத்தைவிட மேலே ஏறுகிறது என்பது முதலில் தெரிவது அதன் முன்னால் நிற்கும் தொழிலாளிக்குத்தான். அவர் அதை யாரிடம் சொல்கிறார், எப்படிச் சொல்கிறார் என்பதில்தான் மீதிக் கதை இருக்கிறது.

எனக்கு இது புரிந்த விதத்தைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரிக்கு அருகே ஒரு மாத்திரைத் தொழிற்சாலையின் உற்பத்திப் பதிவேட்டைத் தமிழாக்கினேன். ஒவ்வொரு தொகுதி மாத்திரைக்கும் தனியாக ஒரு பதிவேடு உண்டு. எந்த மூட்டையிலிருந்து எவ்வளவு எடுத்தது, எத்தனை நிமிடம் கலந்தது, எவ்வளவு நேரம் உலர்த்தியது, யார் செய்தது, யார் சரிபார்த்தது எல்லாம் அதில் அந்தந்த நேரத்தில் எழுதப்பட வேண்டும். இவ்வளவு எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தொகுதியில் லட்சக்கணக்கான மாத்திரைகள். பரிசோதிக்க வேண்டுமென்றால் மாத்திரையைப் பொடித்துக் கரைக்க வேண்டும். எல்லாவற்றையும் பொடித்துவிட்டால் விற்பதற்கு ஏது? மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துச் சோதிக்கிறார்கள். மற்றவற்றுக்கு அந்தப் பதிவேடுதான் சாட்சி.

ஒரு வருடம் கழித்து அந்தத் தொழிற்சாலையிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. படிவங்களைத் திருத்த வேண்டும், நேரில் வாருங்கள் என்றார்கள். போனபோது ஒரு பிரச்னை ஓடிக்கொண்டிருந்தது. கடைகளுக்குப் போன மாத்திரைகளில் சில, மேல்பகுதி மூடி போலக் கழன்று உடைவதாகப் புகார்கள். எல்லாம் மழைக்காலத்தில் செய்த தொகுதிகள். பல மாதங்களாகக் காரணம் தேடியிருக்கிறார்கள். அச்சுகளை மாற்றியாயிற்று, மூலப்பொருள் கொடுத்தவரைக் கேட்டாயிற்று. பதிவேட்டில் ஒரு குறையும் இல்லை. உலர்த்திய நேரம் எல்லாத் தொகுதிகளிலும் ஒரே மாதிரி, நாற்பது நிமிடம்.

உலர்த்தும் பகுதியில் இருந்த நடுத்தர வயதுத் தொழிலாளியிடம், படிவத்தில் எந்த வார்த்தை புரியவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் புரிகிறது சார் என்றார். பிறகு, "மழை நாள்ல நாற்பது நிமிஷம் பத்தாது சார். ஈரம் இருந்தா தூள் பஞ்ச்ல ஒட்டும், மெஷின் நிக்கும். அரை மணி நேரம் சேர்த்து ஓட்டுவோம்" என்று இயல்பாகச் சொன்னார்.

கூட வந்திருந்த தர அதிகாரி நின்றுவிட்டார். ஈரம் மிஞ்சினால் தூள் அச்சில் ஒட்டும். அளவுக்கு மேல் காய்ந்துவிட்டால் அழுத்தும்போது பிடிப்பு இல்லாமல் மாத்திரையின் தலை கழலும். பல மாதம் தேடிய விடை அந்த அரை மணி நேரத்தில் இருந்தது.

"இதை ஏன் எழுதவில்லை?" என்றார் அதிகாரி. தொழிலாளி படிவத்தின் கடைசிக் கட்டத்தைக் காட்டினார். "இதுலதானே எழுதணும்? இதுல கையெழுத்துப் போட யார் சார் வருவாங்க?"

அந்தக் கட்டத்தின் தலைப்பு 'விதிமீறல்'. அந்த வார்த்தையைப் போட்டவன் நான்.

ஆங்கில மூலத்தில் அது 'டீவியேஷன்'. வழக்கத்திலிருந்து விலகி நடந்தது எதுவானாலும் அதில் எழுதலாம்: மின்சாரம் போனது, சூடு கூடியது, நேரம் நீண்டது. எழுதுபவர் குற்றவாளி அல்ல, தகவல் தருபவர். நான் அகராதியைப் பார்த்து, கம்பீரமாக இருக்கட்டும் என்று 'விதிமீறல்' என்று எழுதிவிட்டேன். ஒரு வருடப் பதிவேடுகளில் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. நிர்வாகம் அதைப் பார்த்து, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று மகிழ்ந்திருக்கிறது.

வார்த்தை மட்டுமே காரணம் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். தவறு நடந்தது என்று சொன்னவருக்கு மெமோ கொடுக்கும் வழக்கம் அங்கே இருந்தது. என் வார்த்தை அந்தப் பயத்துக்குத் தலைப்புக் கொடுத்தது.

மாத்திரை உடைவதோடு நின்றால் நஷ்டம் பணம்தான். எப்போதும் அதோடு நிற்பதில்லை. 2013இல் ரான்பாக்சி நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கொடுக்க இசைந்தது. தரக்குறைவான தயாரிப்போடு, அரசு அமைப்புக்குப் பொய்த் தகவல் தந்ததும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அங்கே கட்டங்கள் காலியாக இல்லை, நடக்காததால் நிரப்பப்பட்டிருந்தன.

2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழக அரசின் பரிசோதனையில் அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது தெரியவந்தது. இந்த நச்சு புதிதல்ல. 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் அதிகமானோரைக் கொன்றது. 1986இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் 14 உயிர்களைப் பறித்தது. மூலப்பொருள் வந்ததும் பீப்பாயைத் திறந்து சோதித்து ஒரு கட்டத்தில் முடிவை எழுதியிருந்தால், அந்த மருந்து தொழிற்சாலையின் வாசலைத் தாண்டியிருக்காது.

எங்கள் பக்கத்துச் சோகம் இன்னொரு வகை. 2025 ஜூன் 30 அன்று ஹைதராபாத்தை அடுத்த பாசமைலாரத்தில் சிகாச்சி தொழிற்சாலை வெடித்தது. மாத்திரைக்கு உருவம் கொடுக்கும் செல்லுலோஸ் தூள் தயாரிக்கும் இடம் அது. 50க்கும் அதிகமானோர் இறந்தார்கள். பலர் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். இயந்திரங்கள் பழையவை என்று தொழிலாளர்கள் எடுத்துச் சொல்லியும் நிர்வாகம் கேட்கவில்லை என்று, இறந்த ஒருவரின் குடும்பத்தினர் போலீசில் புகார் கொடுத்தார்கள். புகார் உண்மையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் இயந்திரத்தின் முன் நின்றவர் ஒருவர் வீட்டில் வந்து சொன்னதை, அவர் இறந்த பிறகு குடும்பத்தார் போலீஸ் நிலையத்தில் சொல்ல வேண்டியிருந்தது என்பதே போதுமான துயரம்.

அரசு சும்மா இருக்கவில்லை. நல்ல உற்பத்தி முறைகளை வரையறுக்கும் 'எம்' அட்டவணையை 2023 டிசம்பரில் திருத்தி அறிவித்தது. சிறு, நடுத்தர நிறுவனங்கள் அவகாசம் கேட்டன. விண்ணப்பித்தவர்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை கிடைத்தது. புதிய கட்டடமும் காற்றைச் சுத்திகரிக்கும் கருவியும் வாங்கச் செலவாகும் என்பது நியாயமான கவலைதான். ஆனால் தொழிலாளியின் மொழியில் ஒரு படிவம் அச்சிட எவ்வளவு ஆகும்? "சூடு கூடிவிட்டது" என்று வந்து சொல்பவருக்கு நாற்காலி போட எவ்வளவு ஆகும்? இவற்றை எந்த ஆய்வாளரும் அளந்து பார்க்க முடியாது. அதனால்தான் இவை கடைசியில் நிற்கின்றன.

அந்தப் புதுச்சேரிப் படிவத்தில் இப்போது 'வழக்கத்துக்கு மாறாக நடந்தது என்ன?' என்று இருக்கிறது. மெமோ கொடுப்பதையும் நிறுத்தினார்கள். உலர்த்துவதற்கு நிமிடக் கணக்கைக் கைவிட்டு, தூளின் ஈரத்தை அளந்து நிறுத்தும் முறை வந்தது. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் தர அதிகாரியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்தக் கட்டம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன்.

"நிறைய எழுதுகிறார்கள் சார். மேலிடத்துக்கு இதை எப்படிக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை" என்றார் சற்றுக் கவலையுடன்.

அப்படியே காட்டுங்கள் என்றேன்.