நன்றி சொல்லணுமாம்!

‘தெருவில் கிடந்த குழந்தை. வெள்ளைக்காரன் தூக்கிட்டுப் போய் ராஜா மாதிரி வளர்த்தான். இப்ப முப்பது வயசுல வந்து, என்னைப் பெத்தவ எங்கேன்னு கேட்குது. நன்றிகெட்ட ஜென்மம்!’

வெளிநாட்டுக்குத் தத்துப் போனவர்கள் திரும்பி வந்து விசாரிக்கும்போதெல்லாம் நம்மில் பலர் சொல்கிற வசனம் இது. நீங்களும் சொல்லியிருக்கலாம். இதே நாம்தான், 2002-ல் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் சிறுமி அமுதா பெற்ற அம்மாவைத் தேடிப் போனபோது கைக்குட்டையை நனைத்தோம். திரையில் தேடினால் பாசம். நேரில் வந்து, ‘ரெஜிஸ்டரைக் காட்டுங்க’ என்றால் நன்றிகெட்டத்தனமா?

ராஜா மாதிரி வளர்ந்த கதையைக் கொஞ்சம் கேளுங்கள். ஸ்வீடனிலோ நெதர்லாந்திலோ ஒரு சின்ன ஊர். வகுப்பிலேயே கறுப்புத் தோல் இவள் ஒருத்திக்குத்தான். சோப்புப் போட்டுத் தேய்த்தால் வெளுத்துவிடும் என்று நம்பி, எரிய எரியத் தேய்த்ததைச் சொன்னவர்கள் உண்டு. அப்பா அம்மாவோடு போனால், ‘அடடா, என்ன அழகு!’ அதே பெண் வளர்ந்து தனியாகக் கடைக்குப் போனால், காவலாளி பின்னாலேயே வருவார். வீட்டில் சொன்னால், ‘எங்க கண்ணுக்கு உன் நிறமே தெரியலையே’ என்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். காவலாளி கண்ணுக்குத் தெரிகிறதே! டாக்டரிடம் போனால், ‘உங்க அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா?’ அதற்கும் பதில் கிடையாது.

சரி, காகிதமாவது ஒழுங்கா? தென் கொரியாவைப் பாருங்கள். 1950-களில் தொடங்கி 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை அனுப்பிய நாடு. பெற்றோர் உயிரோடு இருந்த பிள்ளைகளைக்கூட அநாதை என்று பதிவு செய்து அனுப்பினார்கள் என்று அந்நாட்டு உண்மை கண்டறியும் ஆணையமே 2025 மார்ச்சில் சொன்னது. அக்டோபரில் அதிபர் மன்னிப்புக் கேட்டார். அங்கிருந்து 3 வயதில் அமெரிக்கா போனவர் ஆடம் கிராப்சர். வளர்த்தவர்கள் குடியுரிமை வாங்கித் தரவில்லை. குற்ற வழக்குகளில் சிக்கியவரை 2016-ல், 41 வயதில், கொரியாவுக்கே நாடு கடத்திவிட்டது அமெரிக்கா. பிள்ளைகள் அங்கே, பாஷை தெரியாத ஊரில் இவர். இவர் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்லுங்கள்?

கொரியா எதற்கு, நம்ம புளியந்தோப்புக்கே வாருங்கள். 1999-ல், நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த தாயின் பக்கத்திலிருந்து குழந்தையைத் தூக்கிப் போனார்கள். 2005-ல் ஒரு கும்பல் பிடிபட்ட பிறகுதான், சென்னையில் திருடிய பிள்ளைகளைத் தத்து என்ற பெயரில் வெளிநாட்டுக்கு அனுப்பிய கதை வெளியே வந்தது. நான் பி.காம். படித்தவன். ஒரு பக்கம் வரவு என்றால் இன்னொரு பக்கம் பற்று எழுதியே ஆகவேண்டும் என்பது எங்கள் முதல் பாடம். அங்கே ஒரு வீட்டில் பிள்ளை வரவு. இங்கே நடைபாதையில் ஒருத்திக்குப் பற்று. அந்தப் பக்கத்தை எழுதவே இல்லையே!

வளர்த்தவர்களைத் திட்டவில்லை. அவர்களில் பலர் நல்லவர்கள். அவர்களையும் சேர்த்துத்தான் ஏமாற்றியிருக்கிறார்கள்.

என் கோபம் நம் விதிமுறை மேல். 2022-ல் வந்த தத்தெடுப்பு விதிகளின்படி, 18 வயது தாண்டியவர் தன் பூர்வீகத்தைத் தானே விண்ணப்பித்துத் தேடலாம். நல்லது. ஆனால், அவருக்காக மூன்றாம் நபர் தேடக்கூடாதாம்! தமிழ் தெரியாது, தெரு தெரியாது, எந்த ஆபீஸில் யாரைப் பார்ப்பது என்றும் தெரியாது. விவரம் தெரிந்த ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைக்கவும் வழியில்லை. சொந்த வீட்டுப் பட்டாவுக்கே நாம் ஆள் வைத்து அலைகிறோம், சார்!

‘பெத்தவளோட மானம் என்னாவது? கல்யாணமாகி, குடும்பம் குழந்தைன்னு இருப்பாளே’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விதி எழுதியவர்களும் அதைத்தான் சொல்வார்கள். அப்படியானால் அவளிடமே கேளுங்கள். பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் ஒருவர் சத்தமில்லாமல் போய், தனியாக வைத்துக் கேட்கட்டும். அவள் ‘வேண்டாம்’ என்றால் அத்தோடு முடிந்தது. புளியந்தோப்புத் தாயைப்போல, ‘எங்கேப்பா என் பிள்ளை?’ என்று இத்தனை வருஷமாகக் காத்திருப்பவளாகவும் இருக்கலாமே. அவளைக் கேட்காமலே, அவள் பெயரைச் சொல்லி ஃபைலைப் பூட்டி வைக்க நீங்கள் யார்?