'டொக்'னா ஓகே... 'டப்'னா?

பிளவக்கல் அணை. மலைக் காத்து, வத்திராயிருப்பில் வாங்கின பரோட்டா பார்சல்னு ஞாயித்துக்கிழமை செம ஜாலியா போயிட்டிருந்துச்சு. ரூம்மேட் மட்டும் செல்லைக் கையில வெச்சுக்கிட்டு தண்ணியையே பார்த்துட்டிருந்தான்.

"என்னடா, லவ்வா?"

"இல்ல மாப்ள. ரிப்பேர் பண்ணின போட்ல அப்பா இன்னிக்குத்தான் முதல் தடவையா கடலுக்குப் போயிருக்கார்."

பயல் ராமநாதபுரம் கரைக்காரன். அவன் சொன்ன கதைதான் இந்த வார மேட்டர்!

2004 சுனாமிக்கு அப்புறம் நம்ம கரையில கட்டுமரங்களோட இடத்தை ஃபைபர் படகுகள் வேகமா பிடிச்சுது. 'ஃபைபர் மக்காது'ன்னு நினைக்கிறோம். ஆனா, அவுட்போர்டு இன்ஜினைத் தொங்கவிடுற பின்பலகை இருக்கே... பல படகுகள்ல அதுக்குள்ள இருக்கிறது பிளைவுட். மேல ஃபைபர் சட்டை, அவ்வளவுதான்! போல்ட் ஓட்டையைச் சரியா அடைக்கலேன்னா, தண்ணி சத்தமில்லாம உள்ளே இறங்கிடும். வெளியே பளபள... உள்ளே டீயில நனைச்ச பொறை!

அவங்க போட் செகண்ட் ஹேண்ட். பின்பலகையில மெல்லிசா ஒரு விரிசல். "பெயிண்ட் அடிச்சாப் போச்சு"ன்னாராம் அப்பா. நம்மாளு சுத்தியலால தட்டிப் பார்த்திருக்கான். நல்ல இடத்துல 'டொக்'. போல்ட் பக்கத்துல 'டப்'. டிரில் போட்டா, கறுப்பா ஈரத் தூள்! நடுக்கடல்ல இன்ஜின் பலகையோட பிச்சுக்கிட்டுப் போயிருந்தா?

வைத்தியம் இதுதான். உள்பக்க ஃபைபரை வெட்டி, மக்கினதை மொத்தமா சுரண்டி, நல்லா காயவிடணும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மெரைன் பிளைவுட்டை ரெண்டு அடுக்கா ஒட்டி, ஃபைபர் மேட், ரெசினால பக்கச் சுவரோட சேர்த்துக் கட்டணும். போல்ட் ஓட்டையைப் பெருசா துளைச்சு, எபாக்ஸியால அடைச்சு, இறுகினதும் நடுவுல அளவா மறுபடி துளைக்கணும். அப்புறம் தண்ணி மரத்தைத் தொட வழியில்ல.

கெமிஸ்ட்ரி புலிகளே, உஷார்! ரெசின்ல சேர்க்கிற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியா கலந்தா வெடிச்சிடும். கோபால்ட்டை ரெசின்ல நல்லா கலக்கின பிறகுதான் கேட்டலிஸ்ட்.

"செலவுக்கு என்னடா பண்ணினே?"

"செமஸ்டர் ஃபீஸ்."

எங்க சிரிப்பு நின்னு போச்சு. அப்பதான் அவன் செல் அடிச்சுது. "கரைக்கு வந்துட்டீங்களாப்பா? பலகை ஆடுச்சா?" கேட்டுட்டு, காலையிலேருந்து தொடாத பரோட்டாவைப் பிரிச்சான்.

ஃபைனோட ஃபீஸ் கட்ட, எங்க ரூம்ல வசூல் ஆரம்பிச்சாச்சு பாஸ்!